ஒத்தையன் அடைகாத்த பங்குனி

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஒத்தையன் கடை எங்கே என்று கேட்டால், பால்கோவா வாங்க வந்த வெளியூர்க்காரர்கூட வழி காட்டிவிடுவார். ‘ஒத்தையன் ஆட்டோ ஸ்பேர்ஸ்’ என்று பெரிதாக எழுதி, பக்கத்திலேயே சிவப்புக் கொண்டையோடு ஒரு பறவைநாகம் சிறகை விரித்து நிற்கிற மாதிரி படம் வரைந்து வைத்திருக்கிறேன். பிரேக் ஷூவுக்கும் பறவைநாகத்துக்கும் என்னப்பா சம்பந்தம் என்று கேட்பார்கள். சம்பந்தம் என் பொண்டாட்டி.

வெங்கடேஸ்வரி ராஜபாளையத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் விலங்கியல் டீச்சராக இருந்தவள். எங்கள் மேற்கு மலையில் பறவைநாகம் இருக்கிறது என்பது இந்தப் பக்கம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தேன் எடுக்கப் போகிறவன் அதன் நிழலைப் பார்த்திருப்பான், ஆடு மேய்க்கிறவன் அது உரித்துப் போட்ட தோலைப் பார்த்திருப்பான். ஆனால் கிட்டே போய் உட்கார்ந்து பார்த்த ஆள் கிடையாது. மூச்சுக் காற்று பட்டாலே புருவம் கருகிவிடும் என்று பயம். முதலில் போய் உட்கார்ந்த பொம்பளை இவள்தான். பொம்பளை என்ன, முதல் ஆளே இவள்தான். செண்பகத்தோப்புக்கு மேலே அரைநாள் ஏறினால் கழுகுப்பாறை என்று ஒரு பாறை வரும். அதற்கு எதிரே வனத்துறையிடம் கெஞ்சிக் கூத்தாடி ஒரு தகரக் கொட்டகை போட்டாள். மாதத்தில் பாதி நாள் அங்கேதான் இருப்பாள். அது எதைத் தின்கிறது, எப்போது தோல் உரிக்கிறது, யானை வந்தால் ஏன் ஒதுங்கிப் போகிறது என்று வரிசையாக நாலு புஸ்தகம் எழுதினாள். மூன்றாவது வந்ததும் டீச்சர் வேலையை விட்டாள். ஊர் மட்டும் டீச்சர் என்று கூப்பிடுவதை விடவில்லை.

நாலு புஸ்தகத்துக்கும் நாயகன் ஒருத்தன்தான். சிவப்புக் கொண்டை, கழுத்தில் பழைய தழும்பு, துணை இல்லாத கிழட்டு ஆண். அவள்தான் ஒத்தையன் என்று பெயர் வைத்தாள். இந்த மலையின் கடைசிப் பறவைநாகம், ஜோடி இல்லாமலே செத்துப்போகும் என்று நாலாவது புஸ்தகத்தை முடித்திருந்தாள். அதைப் படித்து அழுதேன் என்று எங்கெங்கிருந்தோ போன் வரும். கல்யாண வீட்டில் எனக்கு முன்வரிசை நாற்காலி கிடைப்பது அவளால்தான். பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்துவிட்டு வந்தபோதுகூட எனக்கு அந்த நாற்காலி கிடைத்ததில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. வெட்கப்பட வேண்டியது பின்னால் நிறைய இருக்கிறது.

எனக்கென்று சொந்தமாக இருந்த பெருமை ஒன்றே ஒன்று. பங்குனியில் பெரிய மாரியம்மன் கோயில் பூக்குழி. இளவட்டமாக இருந்தபோதிருந்து இறங்குகிறேன். மஞ்சள் வேட்டி கட்டி, கையில் காப்புக் கட்டிவிட்டால், தணலில் இறங்கி ஏறுகிற வரைக்கும் கவிச்சி கிடையாது, செருப்பு கிடையாது, ஊர் எல்லையைத் தாண்டி ராத்தங்கல் கிடையாது. இது காப்புக் கட்டினவனுக்கு. எங்கள் வீட்டில் அவன் பொண்டாட்டிக்கும் உண்டு. எங்கள் அம்மா அப்படித்தான் இருந்தாள், ஆகவே ஈஸ்வரியும் அப்படித்தான். காப்புக் கட்டுகிற அன்று காலையில் மலையை விட்டு இறங்கி வந்துவிடுவாள். பூக்குழி முடிந்து மஞ்சத் தண்ணி ஊற்றிய பிறகுதான் திரும்ப ஏறுவாள். ஒரு வருசமும் தவறியதில்லை.

இந்த வருசம் மாசிக் கடைசியில் தேவதானத்தில் என் சித்தப்பா செத்துப்போனார். பங்காளி வீட்டுச் சாவு. தீட்டு என்று காப்புக் கிடையாது, கோயில் வாசலைக்கூட மிதிக்கக் கூடாது என்றுவிட்டார்கள். என்னோடு வருசா வருசம் இறங்குகிற தங்கச்சாமி கடைக்கு வந்து, மணிக்கட்டில் புதுக் காப்போடு நின்றுகொண்டு, “என்ன பட்டாளத்தாரே, இந்த வருசம் காலு குளுகுளுன்னு இருக்குமே?” என்று சிரித்தான். எனக்கு அவனை ஒரு அப்பு அப்பலாம் போல இருந்தது. தெருவில் கொட்டுச் சத்தம் கேட்கும்போதெல்லாம் பாதம் குறுகுறுத்தது.

வீட்டுக்கு வந்தால் ஈஸ்வரி பையைத் திறந்துவைத்துக்கொண்டு, “அப்ப இந்தத் தடவ நான் மேலேயே இருக்கலாம்ல?” என்றாள்.

“இரு. நானும் வாரேன்,” என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து நான் அந்தக் கொட்டகைக்குப் போய்த் தங்கியதில்லை.

அவள் அவசரமாகப் போக இன்னொரு காரணமும் இருந்தது. கழுகுப்பாறைக்குப் பின்பக்கச் சரிவில், பட்டா நிலத்தில் கல் குவாரி போட வெளியூர்க் கம்பெனி ஒன்று மனுப் போட்டிருந்தது. பறவைநாகம் குஞ்சு பொரிக்கிற இடமென்றால் கல்லைத் தொட முடியாது, அது சட்டம். அங்கே இருப்பது ஒரே ஒரு கிழட்டு ஆண், வேறு பாறைக்குப் போய்க்கொள்ளும் என்று ஈஸ்வரிதான் அறிக்கை கொடுத்திருந்தாள். மனசே இல்லாமல்தான் கொடுத்தாள். “உள்ளதத்தான எழுத முடியும்?” என்றாள். கடைசிக் கருத்துக் கேட்புக் கூட்டம் அந்தப் புதன்கிழமை. பூக்குழி முடிந்த மறுநாள் முதல் வெடி. ஒத்தையனை அந்தப் பாறையில் கடைசியாகப் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் அவள் கிளம்பினாள்.

மூச்சு வாங்கி நாங்கள் கொட்டகை போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அவள் அடுப்பு மூட்டப் போனாள். நான் சும்மா இருக்க முடியாமல் பைனாகுலரை எடுத்து எதிர்ப் பாறையைப் பார்த்தேன்.

“ஏட்டி, உன் ஆளு தீ மூட்டிக் குளிர் காயுதான், வந்து பாரு,” என்றேன்.

“பங்குனியில என்ன குளிரு?” என்றபடி வந்து வாங்கிப் பார்த்தாள். பார்த்தாள், பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள். அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்தது. அவள் திரும்பவில்லை.

நான் மறுபடி வாங்கிப் பார்த்தபோதுதான் எனக்கும் சரியாகத் தெரிந்தது. அது குளிர் காயவில்லை. பாறைப் பள்ளத்தில் கட்டையெல்லாம் எரிந்து தணலாகிக் கிடக்கிறது. மேலே சாம்பல் பூத்திருக்கிறது. நடுவில் குடம் பெரிசில் ஒரு முட்டை. கொண்டையைத் தாழ்த்தி, மூக்கு நுனியால் முட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாக உருட்டி, தணல் மங்குகிற பக்கம் மூச்சு விடுகிறது. சிவந்ததும் மறுபடி உருட்டுகிறது. பூக்குழி! எனக்கு இல்லையென்று ஆன பூக்குழி இங்கே மலை உச்சியில் கிடக்கிறது. என்னை அறியாமல் கை கூப்பிவிட்டேன்.

“முட்டை ஈஸ்வரி! அதுக்குப் போய் இப்படி உக்காந்திருக்க? சந்தோசப்படுவியா!”

அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. “அவன் இல்லீங்க,” என்றாள். “அவ.”

எனக்கு அப்போதும் உறைக்கவில்லை.

“நாலு புஸ்தகம். நாலுலயும் அவன், அவன்னு எழுதியிருக்கேன். கொண்டையப் பாத்து ஆணுன்னு முடிவு கட்டிட்டேன். இந்த இனத்துல கொண்டை பொட்டைக்குத்தான் இருக்கும்போல. ஒரு முட்டையக்கூடக் கண்ணால பாக்காம, இது பொரிக்காதுன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன்.” சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நாலு பேர் பார்க்க அவமானப்பட்டவள் மூடிக்கொள்வாளே, அப்படி. அங்கே இருந்தது நான் ஒருத்தன்தான்.

மறுநாள் விடிந்ததும் இன்னும் பெரிய அடி. கேரளத்துப் பக்கமிருந்து முகட்டைத் தாண்டி இன்னொரு பறவைநாகம் வந்தது. கொண்டை இல்லை, ஆள் சின்னது. கால்களில் ஒரு காய்ந்த மரத்தைப் பற்றிக்கொண்டு வந்து தணல் ஓரமாகப் போட்டது. அடைகாத்தவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அது செத்த நேரம் நின்றுவிட்டு, அடுத்த கட்டைக்குப் போய்விட்டது. நாள் பூராவும் இதே வேலை. ஊரே அழுத ஒத்தையன் ஒற்றையே இல்லை, விறகு சுமக்கிற புருசன் ஒருத்தன் இருக்கிறான்.

“வருசா வருசம் பங்குனியில இங்கன புகை தெரியும்,” என்றாள் ஈஸ்வரி. “காட்டுத்தீன்னு நானே எழுதியிருக்கேன். கட்டை வெட்டுறவன், தேன் எடுக்கிறவன், ஆடு மேய்க்கிறவன் அம்புட்டுப் பேரும் காப்புக் கட்டிக் கீழ வந்திருவான்ல? இந்தக் கொஞ்ச நாள்தான் மலையில ஆள் நடமாட்டமே இல்ல. அதத் தெரிஞ்சுக்கிட்டு முட்டை போடுதுக. நான் திரும்ப ஏறுறதுக்குள்ள குஞ்சக் கேரளத்துப் பக்கம் கொண்டு போயிருதுகபோல. பாக்க வேண்டிய ஆளும் சரியா அன்னைக்குத்தான் கீழ போயிருக்கேன்.”

எனக்குச் சுருக்கென்றது. “அப்ப நான்தான் காரணங்கியா? நேராச் சொல்லு!”

“நான் யாரையும் சொல்லலங்க. இறங்கி வந்தது நான்தான?”

அவள் சண்டைக்கு வந்திருந்தால் நானும் கத்தித் தீர்த்திருப்பேன். வரவில்லை. போன வருசமோ அதற்கு முந்தின வருசமோ, சோறு போட்டுக்கொண்டே, ‘இந்த ஒரு பங்குனி மட்டும் நான் மேல இருந்துக்கிடட்டுமா?’ என்று அவள் கேட்டது அப்போது ஞாபகம் வந்தது. நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவினேன். அவள் அதற்குப் பிறகு கேட்கவில்லை. அதை இப்போது அவளும் நினைத்துக்கொண்டுதான் இருந்திருப்பாள். நான் பறவைநாகத்தைப் பார்க்கிற மாதிரி மூஞ்சியைத் திருப்பிக்கொண்டேன்.

அதோடு நிறுத்தினேனா? இல்லை. “கூட்டத்துல இதையெல்லாம் சொல்லாத,” என்றேன். “வேற ஏதாச்சும் சொல்லி வெடியத் தள்ளிப்போடப் பாரு. ஊரு சிரிக்கும் ஈஸ்வரி.”

“என்ன சொல்லித் தள்ளிப்போட? முட்டை இருக்குன்னாத்தான் நிறுத்துவாக. வெடிச் சத்தத்துக்கு அவ எந்திரிச்சுப் போயிட்டா தணல் ஆறிரும். தணல் ஆறுனா முட்டை அம்புட்டுதான்.”

“உன் பேரு என்னத்துக்கு ஆகும்? நாலு புஸ்தகம் என்னத்துக்கு ஆகும்?”

“என்னத்துக்கோ ஆகட்டும்.”

உண்மையில் எனக்கு அவள் பேரைவிட என் கடை போர்டு பற்றித்தான் கவலை. கொண்டையோடு நிற்கிற அந்தப் படத்துக்குக் கீழே உட்கார்ந்து நாளைக்கு நான் எப்படி வியாபாரம் பண்ணுவேன்? தங்கச்சாமி ஒருத்தன் போதுமே, வருசம் பூராவும் வைத்துக் கேலி பண்ண.

புதன்கிழமை ராஜபாளையம் போகிற பஸ்ஸில் அவள், “நீங்க வேணா கடைக்குப் போங்க. உங்களுக்கு எதுக்குச் சங்கடம்?” என்றாள். நான் பெரிய மனுசன் மாதிரி, “புருசன்னு எதுக்கு இருக்கேன்?” என்று சொல்லிக் கூடவே போனேன்.

கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில். முந்தின நாள் யாருக்கோ கல்யாணம் முடிந்து வாழைமரம் வாசலில் வாடிச் சாய்ந்திருந்தது. மேடையில் பெண்ணும் மாப்பிள்ளையும் உட்காருகிற இடத்தில் மேஜை போட்டு அதிகாரி பாண்டிசெல்வி உட்கார்ந்திருந்தார். சின்ன வயசு, சிரிக்காத முகம். பக்கத்தில் கம்பெனி வக்கீல் சேதுபதி. கீழே பாதி நாற்காலியில் மஞ்சள் வேட்டி ஆட்கள், எல்லோர் கையிலும் காப்பு. தங்கச்சாமி எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தான். முன்வரிசைதான்.

ஈஸ்வரி மைக் முன்னால் போய் நின்றாள். சுற்றி வளைக்கவே இல்லை.

“நான் கொடுத்த அறிக்கை தப்பு. நாலு புஸ்தகத்துலயும் எழுதினது தப்பு. ஒத்தையன் ஆண் இல்ல. கழுகுப்பாறையில முட்டையிட்டு அடைகாத்துக்கிட்டிருக்கு.”

பின்னாலிருந்து ஒருத்தன், “காதுகுத்து எப்ப டீச்சர்?” என்றான். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. “கொண்டையப் பாத்து ஏமாந்துட்டாகளாம்!” “ஆணு பொண்ணு தெரியாமலா நாலு புஸ்தகம் எழுதுனாக?” தங்கச்சாமி தோளைக் குலுக்கிச் சிரித்துவிட்டு, நான் பக்கத்தில் இருப்பது ஞாபகம் வந்து வாயைப் பொத்தினான். எனக்குக் காது ரெண்டும் எரிந்தது. நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அவள் மட்டும் நிமிர்ந்தபடியே நின்றாள்.

வக்கீல் எழுந்தார். “டீச்சர் மேல எனக்கு ரொம்ப மரியாதை உண்டு. ஒத்தையன் கதையப் படிச்சு என் மகளே அழுதிருக்கா. ஒண்ணே ஒண்ணு கேக்கேன். இத்தனை வருசமா கண்ணுல படாத முட்டை, குவாரி திறக்கிற வாரத்துல மட்டும் எப்படிப் பட்டுச்சு?”

ஈஸ்வரி போனை நீட்டினாள். “படம் எடுத்திருக்கேன்.”

“படமா? நேத்து என் மக என்னையவே ஒத்தையன் முதுகுல ஏத்தி ஒரு படம் செஞ்சு அனுப்பியிருக்கா. செருப்பக்கூடக் கழட்டாம உக்காந்திருக்கேன்.” மண்டபம் மறுபடி சிரித்தது.

“இந்த நாள்கள்ல நான் எந்த வருசமும் மலையில இருந்ததில்ல,” என்றாள் ஈஸ்வரி. “இருந்திருந்தா பாத்திருப்பேன்.”

“ஏன் இல்ல?”

அவள் என் பக்கம் திரும்பவில்லை. ஒரு பார்வை பார்த்திருந்தால்கூட எனக்குக் கோபப்பட ஒரு சாக்குக் கிடைத்திருக்கும். “இல்ல. அம்புட்டுதான்,” என்றாள்.

“அப்ப வேலையில அலட்சியம்னு எழுதிக்கிடலாமா?”

“எழுதிக்கோங்க.”

பாண்டிசெல்வி பேனாவை மூடி வைத்தார். “டீச்சர், ஒருதடவை தப்பாச் சொல்லிட்டீங்க. இப்பச் சொல்றது சரின்னு எதை வச்சு நான் நம்ப? வேற யாராவது பார்த்தாங்களா? இன்னொருத்தர் வாக்குமூலம் இருந்தா, வனத்துறை ஏறிப் பார்த்துட்டு வர்ற வரைக்கும் வேலையை நிறுத்தி வைக்கலாம். இல்லாட்டி என்னால முடியாது.”

அப்போதும் அவள் என்னைக் கைகாட்டவில்லை. பார்த்தவன் முன்வரிசையில் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறேன், அவள் சும்மா நிற்கிறாள். எழுந்தேன். “நான் பாத்தேன் மேடம். டீச்சர் வீட்டுக்காரன். பேரு வைகுண்டராஜ்.”

பார்த்ததைச் சொன்னேன். தணலைச் சொன்னேன், சாம்பல் பூத்ததைச் சொன்னேன், முட்டையை உருட்டி உருட்டி மூச்சு விட்டதைச் சொன்னேன். “நம்ம பூக்குழி மாதிரியே,” என்று சொன்னதும் மஞ்சள் வேட்டிகள் எல்லாம் நிமிர்ந்து உட்கார்ந்தன. விறகு சுமந்த ஆணைச் சொன்னபோது தங்கச்சாமி, “ஆத்தீ!” என்றான். யாரும் சிரிக்கவில்லை. எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. அங்கேயே உட்கார்ந்திருந்தால் நான் தப்பித்திருப்பேன்.

“நல்லது,” என்றார் பாண்டிசெல்வி. “அப்ப உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே. வருசா வருசம் இந்த நாள்ல மட்டும் இவங்க ஏன் மலைக்குப் போகல? அந்தக் காரணம் இல்லாம இதை நான் பதிவு பண்ண முடியாது. வக்கீல் கேக்கிறதும் அதைத்தான்.”

பதில் நாக்கு நுனியில் இருந்தது. நான் விடவில்லை. இந்த ரெண்டு வார்த்தைதான். சுற்றிப் பார்த்தேன். அத்தனை கையிலும் காப்பு. என் வெறும் மணிக்கட்டைப் பார்த்தேன். காப்பால் போகவில்லை என்றால் அம்மன் மேல் பழி போடுகிறான் என்பார்கள். நான் விடவில்லை என்றால், பொண்டாட்டி புகழில் கடை நடத்திக்கொண்டு அவள் வேலைக்கே குழி தோண்டினவன் என்பார்கள். இது எல்லாம் மனசில் ஓட ஒரு நொடிகூட ஆகவில்லை. வாய் அதற்குள் திறந்துவிட்டது.

“அவளுக்குப் பங்குனியில உடம்புக்கு முடியாது மேடம். வருசா வருசம் அப்படித்தான். வெயில் ஒத்துக்கிடாது.”

பின்னால் பொம்பளைகள் “ச்சு” கொட்டினார்கள். “அந்த வயசுல அப்படித்தான் இருக்கும்,” என்று யாரோ சொன்னது நன்றாகக் கேட்டது. வக்கீல், “உடம்புக்கு முடியாதவுக எழுதினதையா இத்தனை நாளும் எல்லாரும் நம்பிக்கிட்டிருந்தோம்?” என்றார். ஈஸ்வரி மைக்கை விட்டுக் கையை எடுத்தாள். அவ்வளவு கேலிக்கும் குனியாத தலை அப்போதுதான் குனிந்தது. பாண்டிசெல்வி ‘உடல்நலக் குறைவு’ என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார். பிறகு, வனத்துறை பார்த்துச் சொல்கிற வரை கழுகுப்பாறையில் வெடி வைக்கக் கூடாது என்று படித்தார்.

முட்டை பிழைத்தது. நான் ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன். சொல்லவே கூசுகிறது, பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் வாய் ஓயாமல் பேசினேன். வக்கீல் மூஞ்சி போன போக்கைப் பார்த்தாயா, சமயத்தில் நான் எழுந்தேனா இல்லையா, கடை போர்டில் பக்கத்தில் ஒரு முட்டையும் வரையச் சொல்ல வேண்டியதுதான் என்று என்னென்னமோ. அவள் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு மலையைப் பார்த்தபடி வந்தாள்.

மம்சாபுரம் விலக்கு நெருங்கும்போது பேசினாள்.

“எனக்கு எந்தப் பங்குனியிலயும் உடம்புக்கு ஒண்ணும் இல்லீங்க.”

நான் வாயை மூடினேன்.

“அலட்சியம்னு எழுதினாக. அது என் தப்பு, வாங்கிக்கிட்டேன். உள்ளதச் சொல்லத்தான் அம்புட்டுப் பேரு முன்னால போயி நின்னேன். பொறவு நீங்க எந்திரிச்சீக.” குரல் உயரவில்லை. “நீங்க எந்திரிச்சப்ப எனக்கு எம்புட்டுச் சந்தோசமா இருந்துச்சு தெரியுமா?”

அதோடு சரி. மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. பட்டாளத்தில் அதிகாரி முகத்துக்கு நேரே திட்டியிருக்கிறார், ஒரு சாவு வீட்டில் குடித்துவிட்டு விழுந்த என்னைப் பார்த்து எல்லோரும் சிரிப்பாய்ச் சிரித்திருக்கிறார்கள். அந்த வெட்கமெல்லாம் ஒரு வெட்கமே இல்லை. தணலில் இறங்குகிறவன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன். ரெண்டு வார்த்தை சொல்லத் தைரியம் இல்லை.

“நிறுத்துங்க, ஆள் இறங்கணும்!” என்று கத்தினேன். கண்டக்டர் வள்ளென்று விழுந்தார். ஈஸ்வரி ஏன் என்று கேட்கவில்லை. “நீ வீட்டுக்குப் போ, நான் வாரேன்,” என்று சொல்லி இறங்கி, ரோட்டைத் தாண்டி நின்று, ராஜபாளையம் பஸ்ஸைக் கைகாட்டி ஏறினேன். கூட்டம் நெரிந்தது. நின்றுகொண்டே போனேன். வழியெல்லாம் அதிகாரி கிளம்பியிருக்க வேண்டும் என்றும் ஒரு மனசு வேண்டிக்கொண்டது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

கிளம்பவில்லை. மண்டபத்தில் நாற்காலியை மடக்கி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மேடையில் பாண்டிசெல்வி டீ குடித்துக்கொண்டிருந்தார். வக்கீலும் இருந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் வேனுக்காகக் காத்துக்கொண்டு தங்கச்சாமியும் இன்னும் சில மஞ்சள் வேட்டிகளும் வாசல்பக்கம் நின்றார்கள். என்னைப் பார்த்ததும் பின்னாலேயே வந்தார்கள்.

“மேடம், நான் சொன்ன காரணம் பொய்,” என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் என்ன என்றார். மறுபடி, மண்டபம் முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னேன். “நான் சொன்னது பொய். அவளுக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்ல. நான் காப்புக் கட்டுதவன். கட்டினவன் பொண்டாட்டி எல்லை தாண்டிப் படுக்கக் கூடாதுன்னு வருசா வருசம் அவளக் கீழ இறக்கிருவேன். மேல இருக்கட்டுமான்னு ஒருதரம் கேட்டா. நான் சோத்த வச்சிட்டு எந்திரிச்சிட்டேன்.”

வக்கீல் டீ டம்ளரைக் கீழே வைத்தார். “அப்ப அம்மன் மேல பழியப் போடுதீரா?”

மஞ்சள் வேட்டிகள் முணுமுணுத்தன. தங்கச்சாமி என் சட்டையைப் பிடித்து இழுத்தான். “ஏலே, வேண்டாம்டா, வா.”

“அம்மன் எங்க வீட்டுக்கு வந்து ஒண்ணும் சொல்லல,” என்றேன். “சொன்னது நான்.”

நாற்காலி அடுக்குகிற பையன்கூட நிறுத்திவிட்டான். பாண்டிசெல்வி தாள்களைப் புரட்டி அந்த இடத்தை எடுத்து, ‘உடல்நலக் குறைவு’ என்பதன் மேல் ஒரு கோடு இழுத்தார்.

“எழுதினதை அடிச்சா ஏதாவது எழுதியாகணும்,” என்றார். “மலையில இல்லாததுக்குக் காரணம்னு என்ன போட?”

“புருசன்னு போடுங்க மேடம்,” என்றேன்.